மறைந்த ஊரும் மறையாத பாட்டும்

ஓர் ஊரைப் பற்றிய பாட்டு மெய்யா பொய்யா என்பதை எவ்வாறு துணிவது? ஊரின் வரலாற்றைக் கொண்டு துணியலாம் என்பர் ஒரு சாரார். பாட்டுக்கு வரலாறு எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் எடைபோட்டுப் பார்க்க ஏற்ற சிற்றூர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அதன் பெயர் நியூனம் கோர்ட்னி.

ஆக்ஸ்போர்டு நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் உள்ளது அவ்வூர். இன்றும் அவ்வழிச் செல்வோர், நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஒரே அளவாய், ஒரே அமைப்பாய், இரண்டிரண்டாக இணைந்து நிற்கும் பழைய செங்கல் வீடுகளைக் காணலாம். தானே வளர்ந்த ஊர் இவ்வாறு அமைவதில்லை. தேவாலயமும் பொதுப் புல்வெளியும் ஊரின் நெஞ்சாக விளங்க, வீடுகள் முன்பின்னாக அவற்றைச் சூழ்ந்து நிற்பதே அந்நாட்டுப் பழஞ்சிற்றூர் பலவற்றின் இயல்பு. நியூனமோ கயிறு பிடித்து வரிசை கட்டிய ஊர். அதற்குக் காரணம் என்ன?

ஹார்கோர்ட் பிரபு என்பார் 1756-இல் தேம்ஸ் ஆற்றங்கரை மேட்டில் புதிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மாளிகையைச் சுற்றிப் பரந்த பூங்கா அமைக்க அவர் விரும்பினார். பழைய ஊர் அதற்கு இடையூறாக நின்றது. 1760-களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. மக்கள் சாலையோரத்துப் புது வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். பழைய தேவாலயத்தையும் அகற்றி, கிரேக்கக் கோயில் போன்ற குவிமாடக் கட்டடம் ஒன்றை 1764-இல் எழுப்பினர். மக்கள் வழிபட்ட இடம் பிரபுவின் தோட்டத்துக்கு அணியாயிற்று.

இதன் பின்னர், 1770-இல், ஆலிவர் கோல்ட்ஸ்மித் 'கைவிடப்பட்ட சிற்றூர்' என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். ஆபர்ன் என்று அவர் பெயரிட்ட ஊர், செல்வர் ஒருவரின் இன்ப விருப்பத்துக்கு இரையாகிறது. மக்கள் கப்பலேறி அமெரிக்கா செல்கின்றனர். 1762-இலேயே, லண்டனுக்கு ஐம்பது மைல் அளவில் உள்ள ஓர் ஊர் இவ்வாறு அழிவதைப் பற்றிய கட்டுரை ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதுவும் அவர் எழுதியதே என்பது அறிஞர் துணிபு.

ஆயினும் மக்காலே பிரபு 1856-இல் கோல்ட்ஸ்மித்தைப் பற்றி எழுதியபோது இப்பாட்டின்மேல் கடுமையான குற்றம் ஒன்றைச் சாற்றினார். வளமாக இருக்கும் ஆபர்ன் இங்கிலாந்தின் ஊர். அழிந்துபட்ட ஆபர்னோ அயர்லாந்தின் ஊர். ஒட்டாத இரண்டைக் கவிஞர் ஒட்டிவிட்டார் என்பதே அதன் சாரம். கோல்ட்ஸ்மித் அயர்லாந்தில் வளர்ந்தவர் ஆதலின் இக்கூற்றைப் பலரும் ஏற்றனர்.

இக்கூற்றுக்கு நியூனமே மறுப்பாக நிற்கிறது. இங்கிலாந்திலும் செல்வர் ஒருவரின் விருப்பத்தால் ஊர் முழுதும் பெயர்க்கப்பட்டது கண்கூடு. மேவிஸ் பேட்டி என்னும் வரலாற்றறிஞர் 1968-இல் எழுதிய கட்டுரையில் நியூனத்தையும் ஆபர்னையும் இணைத்துக் காட்டினார். எனினும் நாம் ஒருபக்கம் சாய்தல் ஆகாது. 1762-ஆம் ஆண்டுக் கட்டுரை குறிப்பவர் பெருவணிகர். ஹார்கோர்ட்டோ பழங்குடிப் பிரபு. நியூனம் மக்கள் கடல் கடந்து செல்லவில்லை. பக்கத்துச் சாலைக்கே சென்றனர். நாட்டின் மக்கள்தொகை குறைகிறது என்று கவிஞர் அஞ்சியதும் பிழையே. அக்காலத்தில் அது பெருகிக்கொண்டிருந்தது. ஆகவே மக்காலே முற்றும் தவறினார் என்பதற்கில்லை.

வேறொரு குறையும் உண்டு. வளமான ஆபர்னில் பசியைக் காணோம். இக்குறையை 1783-இல் ஜார்ஜ் கிராப் தம் 'சிற்றூர்' என்னும் பாட்டில் எடுத்துரைத்தார். களை மண்டிய மணல் நிலத்தையும், ஏழையர் விடுதியையும், நோயாளியைக் கருதாத மருத்துவனையும் அவர் காட்டினார். டாக்டர் ஜான்சன் இவ்விரு பாட்டுக்கும் துணைநின்றவர் என்பது வியப்பு. முன்னதன் இறுதி நான்கு அடிகள் அவர் எழுதியவை. பின்னதன் சில அடிகளைத் திருத்தித் தந்தவரும் அவரே.

அங்ஙனமாயின் கோல்ட்ஸ்மித்தின் பாட்டில் எஞ்சும் உண்மை யாது? நியூனத்தைப் பற்றி அரசவைக் கவிஞர் வில்லியம் ஒயிட்ஹெட்டும் பாடியுள்ளார். ஊர் பெயர்ந்ததை அவர் பிரபுவின் நற்செயலாகவே போற்றினார். முதியவள் ஒருத்தியை மட்டும் அவளுடைய பழைய மண்குடிசையிலேயே வாழ விட்டதையும் பிரபுவின் அருளாகக் கருதினார். புது வீடு பழைய குடிசையினும் உறுதியானது. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அம்மூதாட்டி ஏன் அங்கேயே இருக்க விரும்பினாள்? இவ்வினா ஒயிட்ஹெட்டுக்குத் தோன்றவில்லை. நூறு வீட்டாருக்கும் அதே விருப்பம் இருந்திருக்குமோ என்று வினவியவர் கோல்ட்ஸ்மித்.

இதுவே அவர் பாட்டின் உயிர். சுவர் நல்லதா என்பது ஒரு வினா. சுவருக்கு உரியவரை யாரேனும் கேட்டார்களா என்பது வேறொரு வினா. முன்னதற்குச் செங்கல் விடை கூறும். பின்னதற்கு ஊர்ப் பதிவேடுகளில் விடை இல்லை. அவ்வெற்றிடத்தைப் பாட்டு நிரப்புகிறது.

ஆகவே, இப்பாட்டை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு செய்தல் நன்று. ஆபர்னைப் பொற்காலம் என்று புகழ்ந்து நிறுத்தாமல், கிராப்பின் பாட்டையும் உடன்வைத்துப் படிப்பிக்க வேண்டும். கற்பனை என்று அதனைத் தள்ளிவிடாமல், நியூனத்தின் வரிசை வீடுகளையும் எடுத்துக்காட்ட வேண்டும். அவ்வீடுகளின் ஒழுங்கு கண்ணுக்கு இனியதே. ஆனால் அது வாழ்ந்தோர் வகுத்த ஒழுங்கு அன்று.