படத்தில் அடைபட்டால் போதுமா?

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேற வேண்டிய சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் ‘பின்னோட்டம்’ சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள கோளாறு. கிருமியும் சேர்ந்து ஏறினால் கடுங்காய்ச்சல் வரும், சிறுநீரகத்தில் தழும்பும் விழலாம். 1984-இல் டப்ளினில் மருத்துவர்கள் ஓடானலும் பூரியும் வயிற்றைக் கீறாமல் இதைச் சரிசெய்யும் வழியைப் பிரபலமாக்கினார்கள். மயக்கம் கொடுத்து, மூத்திரத் துவாரம் வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டு, சிறுநீர்க்குழாய் பைக்குள் திறக்கும் வாய்க்குக் கீழே ஊசியால் டெஃப்லான் பசையை ஏற்றுவது அது. ஊசி போட்ட இடம் மொச்சைக்கொட்டை போலப் புடைக்கும். விரிந்து கிடந்த வாய் பிறைக்கீற்றாக ஒடுங்கும். டெஃப்லான் துகள்கள் இடம்பெயர்வது விலங்குச் சோதனைகளில் தெரிந்ததும் வேறு பொருள் தேடினார்கள். இப்போது பரவலாக உள்ள டெஃப்லக்ஸ் ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது.

பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பெற்றோர் இதை விரும்புவது இயல்புதான். ஆனால் நாம் காக்க வந்தது சிறுநீரகத்தை. எக்ஸ்ரேயில் பின்னோட்டம் மறைவதை மட்டும் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

2010-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இந்த வேறுபாட்டை நேராகக் காட்டுகிறது. மூன்றாம், நான்காம் நிலைப் பின்னோட்டம் உள்ள, ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 203 குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பின்னோட்டம் நீங்கியது அல்லது குறைந்தது ஊசி போட்டவர்களில் 71 சதவீதம். தினசரி ஆன்டிபயாடிக் குடித்தவர்களில் 39. இங்கே ஊசிதான் முந்துகிறது. சிறுமிகளிடையே காய்ச்சலோடு வந்த தொற்றைப் பாருங்கள்: வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 57 சதவீதம், ஊசி போட்டவர்களில் 23, மருந்து குடித்தவர்களில் 19. புதிய சிறுநீரகச் சேதம் முறையே 8, 5, 0 சிறுமிகளுக்கு. படத்தில் வென்ற ஊசி, சிறுநீரகத்தில் மருந்தை வெல்லவில்லை. ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் பெரிய அளவிலான பின்னோட்டம் திரும்பவும் வந்தது.

மருந்தும் குறையற்றதல்ல. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது தொற்றைப் பாதியாகக் குறைத்தது, தழும்பைக் குறைக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகின.

ஆகவே என் தீர்ப்பு: லேசான பின்னோட்டம் பெரும்பாலும் தானே சரியாகும், அதற்கு இந்த ஊசி வேண்டாம். தினமும் மருந்து குடித்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் நடுநிலைப் பின்னோட்டத்துக்கு இது நியாயமான தேர்வு. மிகக் கடுமையான ஐந்தாம் நிலையில் ஊசி பலிப்பது குறைவு. திறந்த அறுவை சிகிச்சையே கூடுதல் உறுதி தரும். எந்த நிலையானாலும் மலச்சிக்கலையும் சிறுநீரை அடக்கும் பழக்கத்தையும் முதலில் சரிசெய்தாக வேண்டும்; அவை நீடித்தால் ஊசி தோற்கும் வாய்ப்பு கூடும். ஊசி போட்ட பிறகும், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்றே சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று தாயிடம் சொல்லியனுப்புங்கள்.