பெஞ்சும் குச்சியும் கல்லாப்பெட்டியும்

பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். ஒன்றல்ல, மூன்று ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கினேன். எல்லாம் மடியில் கிடந்த ஒரு தடிப் புத்தகத்தால் வந்த வினை. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பாதையோரக் கடையில் பேரம் பேசி 80 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி. முன்னட்டையே கிடையாது, முதுகில் தையல் நூல் பிதுங்குகிறது, திறந்தால் பாட்டி வீட்டு மரப்பெட்டி வாசனை. 22 வருஷமாக அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். ‘பேங்க்’ எங்கேயிருந்து வந்தது என்று சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்றுதான் திறந்தேன்.

பெஞ்சு, சார், பெஞ்சு! இத்தாலியச் சந்தைகளில் நாணயம் மாற்றித் தருகிறவர்கள் முன்னால் போட்டுக்கொண்ட பலகைக்குப் பெயர் ‘பாங்க்கா’. அந்தப் பலகைதான் இன்றைக்கு ஏசி போட்டு, டோக்கன் கொடுத்து, நம்மை உட்கார வைத்திருக்கிறது. ‘பாங்க்கா ரோட்டா’ என்றால் உடைந்த பலகை, அதுதான் பேங்க்ரப்ட். ‘திவால்’ என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவையாவது மரம் முறிகிற சத்தம் கேட்டிருக்குமா எனக்கு? வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னேன். “பெஞ்சு உடைஞ்சா ஆசாரியைக் கூப்பிடுங்க, இப்ப சாப்பிட வாங்க” என்றாள்.

சாப்பாடா இறங்கும்? ‘கம்பெனி’யைப் புரட்டினால் உள்ளே ரொட்டி! லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி, கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள்தான் கம்பெனி. அப்படியானால் தினமும் 11 மணிக்கு ஒரே தினத்தாளில் பஜ்ஜியைக் கொட்டிப் பங்கு போட்டுத் தின்கிற எங்கள் மண்டி ஆட்கள்தான் அசல் கம்பெனி. ‘பட்ஜெட்’டுக்குள் ஒரு குட்டித் தோல்பை. சம்பளத்தைக் குறிக்கும் ‘சாலரி’க்குள் உப்பு. ‘ட்ரேடு’ என்றால் முதலில் வியாபாரமே இல்லையாம், தடமாம், நடந்து நடந்து தேய்ந்த வழியாம். ட்ரேடு, தடம்! ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், தெரியும், ஆனாலும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இருங்கள், ‘ஸ்டாக்’குக்கு வருகிறேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஸ்டாக் என்றால் முதலில் மரத்தண்டு, கட்டை. இங்கிலாந்து அரசுக் கருவூலத்தில் நூற்றாண்டுக் கணக்காகக் கணக்கு எழுதியது குச்சியில். கற்பனை பண்ணிப் பாருங்கள்: உங்கள் கையில் ஒரு ஹேசல் மரக் குச்சி, பக்கத்தில் கத்தியோடு ஒருவர். 1000 பவுண்டு என்றால் உள்ளங்கைப் பருமனுக்கு ஒரு வெட்டு, 100 பவுண்டுக்குக் கட்டைவிரல் பருமன், 20க்குச் சுண்டுவிரல், ஒரே ஒரு பவுண்டா, ஒரு வாற்கோதுமை மணி அளவுக்கு ஒரு கீறல் (தானியத்தால் பணத்தை அளந்திருக்கிறார்கள், மண்டிக்காரனுக்கு இது போதாதா!). வெட்டி முடித்ததும் குச்சியை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள், பணம் கொடுத்தவனுக்கு நீளமான பாதி, அதன் பெயர்தான் ‘ஸ்டாக்’. நாளைக்கு வழக்கு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியதுதான், வெட்டும் மர வரியும் கச்சிதமாகப் பொருந்தாவிட்டால் மாட்டிக்கொண்டான் மோசடிக்காரன், எந்த சாஃப்ட்வேர் தரும் இந்த நிம்மதியை? எங்கள் தெருப் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டதற்கே சிரித்தவன் நான். 1826-இல் இந்த முறையை நிறுத்தினார்கள், குச்சிகளெல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன, 1834 அக்டோபர் 16-ஆம் தேதி இரண்டு வண்டிக் குச்சியைப் பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலையில் நாள் முழுக்கத் திணித்திருக்கிறார்கள், சாயங்காலம் மேலே சுற்றிப் பார்க்க வந்தவர்களின் பூட்ஸ் வழியே சூடு ஏறியிருக்கிறது, அப்போதும் யாரும் அசையவில்லை, அன்றைக்கு ராத்திரியே பாராளுமன்றக் கட்டடம் பற்றி எரிந்துவிட்டது! ஓவியர் டர்னர் அதை நேரில் பார்த்து இரண்டு ஓவியம் தீட்டினார். பழைய கணக்கு ஒரு பாராளுமன்றத்தையே கொளுத்தியது, சார்! ராத்திரி 1 மணிக்கு இதைப் படித்துவிட்டு இருட்டில் தனியாகக் கை தட்டினேன்.

மாட்டுக்கதை வேறு பாக்கி. ‘ஃபீ’ என்று கட்டுகிறோமே, பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆடுமாடு என்றுதான் பொருள். ‘கேபிட்டல்’ என்ற முதலும் ‘கேட்டில்’ என்ற மாடும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். நமக்கு இதில் ஆச்சரியமே இருக்கக்கூடாது, வள்ளுவரே கல்வி அதிகாரத்தில் மாடு என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார்.

ஒரு சின்ன அடியும் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்தது என்று 22 வருஷமாக மண்டியில் மார்தட்டியவன் நான். அகராதி இல்லை என்கிறது. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஐந்து நிமிஷம் முகம் தொங்கிப்போனது. பிறகு உறைத்தது: பெட்டி என்றால் கல்லாப்பெட்டி, என் முழங்கைக்குக் கீழேயே இருப்பது! அடுத்த வரியில் இன்னொரு கேஷ். அது நம்முடையதேதான்: காசு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் ‘கேஷ்’, ‘ஃபனம்’ என்று நம் வார்த்தையில் பேரேடு எழுதியிருக்கிறார்கள். மறுநாள் முதலாளியிடம் இதை மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்றைய வரவில் 40 ரூபாய் உதைக்கிறது என்றார்.

எழுத்து கடுகு சைஸ், கண் எரிகிறது, பின்னால் 12 பக்கம் காணோம். அதெல்லாம் ஒரு குறையா? நான் வாங்கியபோது அதே கடையில், கைட் புத்தகக் கட்டுக்கு அடியில், பச்சை அட்டையோடு இன்னொரு பிரதி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். 150 சொல்வார், 80-க்குக் கொடுத்துவிடுவார்.