அலையைக் காட்டிய மூன்று பாணிகள்

அலைச்சறுக்குப் படங்களுக்குப் பிறந்த வீடு பள்ளிக்கூட அரங்கு. 1953-இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், தாம் ஹவாயில் எடுத்த 16 மி.மீ. படத்தைப் பட் பிரவுன் அப்படி ஓர் அரங்கில் திரையிட்டார். கட்டணம் 65 சென்ட். படம் ஓட ஓட அவரே நின்று விளக்கம் சொன்னார். சுருளைத் தூக்கிக்கொண்டு கடலோர ஊர்களுக்குப் போகும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அந்த மரபு பின்னர் மூன்று பாணிகளாகக் கிளைத்தது.

முதலாவது, கதை சொல்லும் பாணி. அதன் சிகரம் புரூஸ் பிரவுனின் 'தி எண்ட்லெஸ் சம்மர்'. மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரு இளைஞர்கள் கோடையைத் துரத்திக்கொண்டு செனகல், கானா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகைச் சுற்றுகிறார்கள். 1966-இல் அது பொதுத் திரையரங்குகளுக்கு வந்தது; கடலையே காணாதவர்களும் பார்த்தார்கள். யாரும் ஏறாத அலையைத் தேடிப் பயணம் போகும் ஆசையை அது ஒரு தலைமுறைக்கே ஊட்டியது. ஆப்பிரிக்க மக்களை வேடிக்கைப் பொருளாக்கும் அதன் பேச்சு மட்டும் இன்று உறுத்துகிறது.

இரண்டாவது, பேச்சை விட்ட பாணி. ஆல்பர்ட் ஃபால்சனின் ஆஸ்திரேலியப் படம் 'மார்னிங் ஆஃப் தி எர்த்' (1972) வர்ணனையே இல்லாமல் பாட்டிலும் அலையிலும் நகர்கிறது. தங்கள் பலகையைத் தாங்களே செதுக்கும் எளிய வாழ்க்கையும் அதில் உண்டு. பாலித் தீவின் உலுவாட்டு அலையை உலகம் அறிந்தது இதில்தான்.

மூன்றாவது, அலைக்குள்ளேயே புகுந்த பாணி. ஜார்ஜ் கிரீனோ கனத்த கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு, சிறு பலகையில் முழங்காலிட்டு, சுருளும் அலையின் குகைக்குள் நுழைந்தார். கரையில் நின்றவர் கண்டிராத அந்த நீர்க்கூரையைத் திரை முதன்முறையாக விரித்துக் காட்டியது.

இந்த மூன்று பாணிகளுக்கும் பிறகு, 1992-இல் வீடியோ கேசட்டாக வந்த டெய்லர் ஸ்டீலின் 'மொமென்டம்', பங்க் இசைக்கு ஏற்பத் துணுக்குகளை வேகவேகமாக அடுக்கியது. இளைஞர்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி வித்தை கற்றார்கள். அது பெரிய கொடை. ஆனால் வித்தை நெருங்கி வர வர, அலை துண்டு துண்டாயிற்று.

என் அளவுகோல் எளிது. ஓர் அலை எழுவதிலிருந்து கரையில் நுரையாய் அடங்கும்வரை படம் பொறுமையாகக் காத்திருக்கிறதா? மூன்று பாணியின் முன்னோர்களும் காத்திருந்தார்கள். கடலில் பலகையோடு கிடப்பவர் முதலில் பழகுவதும் அந்தக் காத்திருப்பைத்தான்.