மண்ணெண்ணெய்ச் சோதனை

நாமக்கல் என்றால் பெரிய லாரிகள்தான் பேச்சு. எனக்குப் பிடித்ததோ முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஓடும் பழைய டாடா 407. 1986-இல் சந்தைக்கு வந்த வண்டி. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்தால் பட்டறையில் இன்ஜினை இறக்கிவிடுவார்கள். டீசலில் கழுவக் கழுவக் கறுப்புப் பிசுக்குக்கு அடியிலிருந்து வார்ப்பிரும்பின் சாம்பல் நிறம் தெரியவரும். போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத்துக்குப் போய்விடும்.

வால்வைச் சீட்டோடு படியத் தேய்ப்பது மட்டும் கைவேலை. பேஸ்ட் தடவி, ரப்பர் பிடித்த குச்சியை மத்துக் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்குள் உருட்டுவார் மெக்கானிக். வால்வு முகத்தில் எங்கும் அறுபடாமல் மங்கலாக ஒரு வளையம் விழ வேண்டும். பிறகு போர்ட் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். துளி கசிந்தாலும் மறுபடி பேஸ்ட்தான். அழுக்கின்மேல் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கும் வேலையில் இந்த அழகு கிடையாது. புது பிஸ்டன் ரிங் படியும்வரை பாரம் குறைத்து, விரட்டாமல் ஓட்டச் சொல்லித்தான் சாவியைத் தருவார்.