முப்பதும் மூன்றும்

புதுச்சேரியில் அதிகாரச் சண்டைன்னாலே எல்லாரும் கிரண் பேடி – நாராயணசாமி கதையைத்தான் எடுப்பாங்க. ஆள் மாறினா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோளாறு ஆளிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் அரசுப் பதவியில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்க முடியாது. அரசமைப்பின் முதல் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. நம்முடையது நாடாளுமன்ற முறை. இங்கே அமைச்சர்களே எம்.எல்.ஏ.க்கள். அதனால் நமக்கு இருக்கும் பூட்டு வேறு: சபை நினைத்தால் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பலாம். அப்படியென்றால் அந்தச் சபையில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நாம் தேர்ந்தெடுப்பது 30 பேரை. 1963-ஆம் வருட யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் 3(3) பிரிவுப்படி மத்திய அரசு இன்னும் 3 பேர் வரை நியமிக்கலாம். துணைநிலை ஆளுநரை அனுப்புவதும் அதே மத்திய அரசுதான். 2016 தேர்தலில் பா.ஜ.க.வுக்கு இங்கே ஒரு இடம்கூட இல்லை. 2017 ஜூலையில் அந்தக் கட்சிக்காரர்கள் மூவர், மாநில அமைச்சரவையைக் கேட்காமலேயே, எம்.எல்.ஏ.க்கள் ஆனார்கள். அது செல்லும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் ஓட்டு போடலாம் என்று 2018 டிசம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2021 பிப்ரவரி 22-இல் அந்தத் தீர்ப்பின் கனம் தெரிந்தது. அன்றைக்கு ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14. அந்த 14-இல் 3 நியமனம். அதைக் கழித்தால் 11. ஆட்சி கவிழ்ந்தது. அடுத்தடுத்து ராஜினாமாக்கள் நடக்காமல் இருந்தால் இந்த நிலை வந்தே இருக்காது என்பதும் உண்மைதான். ஆனாலும் மக்கள் ஓட்டில் வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு வேறு.

தீர்ப்பில் என் குறை என்ன? 239ஏ பிரிவே 'பகுதி நியமனம், பகுதி தேர்தல்' என்ற சபைக்கு இடம் தருகிறது. நீதிபதிகள் எழுத்தில் இருப்பதைப் படித்தார்கள், சரி. ஆனால் சபையில் உட்காருவது வேறு, ஆட்சியைக் கவிழ்ப்பது வேறு. மாநிலங்களவையிலும் 12 நியமன உறுப்பினர்கள் உண்டு. அவர்களால் பிரதமரை இறக்க முடியாது, அந்த ஓட்டு மக்களவைக்கு மட்டும்தான். டெல்லி சட்டசபையில் 70 பேரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். வாஷிங்டன் நகர மன்றம் போடும் சட்டத்தை அமெரிக்க காங்கிரஸ் ரத்து செய்யலாம், 2023-இல் செய்தும் காட்டியது. ஆனால் மன்றத்தின் 13 பேரையும் ஊர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்க. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க நியமன எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு கிடையாது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் கிடையாது. முதலமைச்சரை இறக்க மட்டும் உண்டு!

இதைச் சரி செய்ய அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 'நம்பிக்கை ஓட்டெடுப்பு நீங்கலாக' என்று 1963 சட்டத்தில் சேர்த்தால் போதும். அந்தத் திருத்தத்தைச் செய்ய முடிந்தது நாடாளுமன்றம் மட்டும்தான். அங்கே மக்களவையில் நமக்கு இருப்பது ஒரே ஒரு எம்.பி. பிள்ளைச்சாவடியில் வரிசையில் நின்று ஓட்டு போடும் நாம் அடுத்த முறை வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.