செய்தியின் பாடம்: இணைய இதழியலும் மூலபாடத் திறனாய்வும்

தமிழ் இதழியல் ஆய்வுகள் பெரும்பாலும் இதழை முடிந்துபோன ஒரு பொருளாகவே கொள்கின்றன. நாள், இதழ் எண், பக்கம், பத்தி ஆகியவை மாறாதவை என்னும் நம்பிக்கையின்மேல் அவை எழுந்துள்ளன. மா.சு. சம்பந்தனின் ‘தமிழ் இதழியல் வரலாறு’ போன்ற நூல்கள் எழுதப்பட முடிந்ததும் அந்த நிலைபேற்றினால்தான். இணையத்தில் வெளிவரும் செய்தி இந்த அடிப்படையையே அசைத்துவிட்டது. செய்தி விரைவாகிவிட்டது, வாசகரே செய்தியாளராகிவிட்டார் என்பன பலராலும் சொல்லப்பட்டவை. இலக்கிய ஆய்வாளருக்கு அவற்றினும் முதன்மையானது, செய்தியின் பாடத்தில் நேர்ந்துள்ள மாற்றமாகும்.

பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, 1910இல் நின்றது. அடக்குமுறைக்கு உள்ளான இதழாயினும், எஞ்சிய படிகளைத் தேடிக் கண்டவர்களால் எந்த வாரத்தில் என்ன எழுதப்பட்டது என்று வரையறுக்க முடிந்தது. சீனி. விசுவநாதன் பாரதி படைப்புகளைக் கால வரிசைப்படுத்தித் தொகுத்தபோது, இதழ்களில் அச்சான தேதியே முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. புதுமைப்பித்தன் கதைகளைப் பதிப்பித்த ஆ.இரா. வேங்கடாசலபதி, இதழில் வந்த பாடத்தையும் நூலில் வந்த பாடத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்ட முடிந்ததும் இரண்டும் தாளில் நின்றதால்தான்.

அச்சு இதழிலும் பாடவேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. முன்னிரவில் வெளியூருக்குச் செல்லும் பதிப்பில் உள்ள செய்தி, நள்ளிரவுக்குப் பின் அச்சாகும் நகரப் பதிப்பில் வேறாக இருக்கும். ஆயினும் இரண்டும் தனித்தனித் தாளாக எஞ்சும். இதழ் வெளிவராமற் போவதும்கூட அச்சுலகில் ஒரு பதிவே. 2015 திசம்பர் 2ஆம் நாள், பெருவெள்ளத்தால் பணியாளர்கள் அச்சகத்தை அடைய இயலாமையின், ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. கட்டமைத்த தொகுதியைப் புரட்டும் எவருக்கும் அந்த இடைவெளி புலப்படும். இணையப் பக்கத்தில் ஒரு செய்தி நீக்கப்பட்டால் அவ்வாறு ஓர் இடைவெளி எஞ்சுவதில்லை.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை இங்கு எடுத்துக்காட்டலாம். அதில் 13 பேர் உயிரிழந்தனர். அன்று இணையச் செய்திகளில் இறந்தோர் எண்ணிக்கை மணிக்கு மணி மாறியது. இவ்வாறு மாறுவது குற்றமன்று, செய்தி வளரும் முறை அதுவே. ஆனால் புதிய எண் பழைய எண்ணின்மேல் எழுதப்படுகிறது, முகவரி மாறுவதில்லை. எண்ணோடு சொல்லும் மாறக்கூடும். கூடியிருந்தோர் ‘போராட்டக்காரர்’ எனப்பட்டனரா, ‘கலவரக்காரர்’ எனப்பட்டனரா? ‘சுட்டனர்’ என்னும் செய்வினை எந்த நேரத்தில் ‘உயிரிழந்தனர்’ என்று சுட்டவர் மறையும் தொடரானது? மொழிநடையை ஆராய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நிகழ்வை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதால் அரசின் பாடம் ஒன்று ஆவணமாக உள்ளது. இதழ்கள் அன்று பிற்பகலில் வழங்கிய பாடத்தை அவ்வாறு காண இயலாது. மறுநாள் முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. நிகழ்ந்த மண்ணில் வாழ்ந்தோருக்கு அச்சிதழும் தொலைக்காட்சியுமே எஞ்சின.

இணையத்தளச் செய்திக்கு வெளியிடுபவர் பெயராவது உண்டு. வாட்ஸ்அப் வழிப் பரவும் செய்திக்கு அதுவும் இல்லை. அப்துல் கலாம் சொன்னதாக நாள்தோறும் உலவும் வாசகங்கள், தனிப்பாடல்கள் பலவற்றை ஒளவை தலையிலும் கம்பன் தலையிலும் ஏற்றிய பழைய வழக்கத்தின் தொடர்ச்சி எனலாம். ஆசிரியன் அறியப்படாத பனுவல் புகழ்பெற்ற பெயரொன்றைத் தேடி ஒட்டிக்கொள்வது தமிழுக்குப் புதிதன்று. எனினும் இவ்வொப்புமையை எல்லைமீறி நீட்டலாகாது. தனிப்பாடலின் ஆசிரியரைத் தவறாகக் கருதியதால் எவரும் உயிரிழந்ததில்லை. 2018 மே மாதம் குழந்தை கடத்துவோர் பற்றிய பொய்ச் செய்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த சிற்றூரில் முதிய பெண்மணி ஒருவர் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்து மீண்டும் அனுப்பப்படும் செய்திகளுக்கு அடையாளக் குறி இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறும் செய்தது. அக்குறி, கையிலுள்ளது படியெடுக்கப்பட்ட ஒன்று என்பதை மட்டுமே உணர்த்துகிறது. எந்த ஏட்டிலிருந்து படியெடுத்தது என்று சொல்லாத ஏடெழுதுவோன் குறிப்பைப் போன்றது அது.

2023 மார்ச்சில் இச்சிக்கல் மொழி எல்லையைக் கடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் இந்தி பேசும் பகுதிகளில் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றின் காட்சிகள் அப்பொய்க்குப் பயன்பட்டன. அச்சிதழ்களும் இதில் சறுக்கின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பும் நிலை ஏற்பட்டது. காட்சி ஒன்று, அதன்மேல் ஏற்றப்பட்ட உரை மற்றொன்று. மூலத்துக்கும் உரைக்கும் உறவில்லை என்பதை நிறுவியவர்கள் செய்தி சரிபார்ப்போர். அவர்கள் கையாண்ட முறை பதிப்பாசிரியருக்கு அயலானதன்று. காட்சியின் முந்தைய படிகளைத் தேடுவது, அவற்றுள் காலத்தால் முந்தியதை அடைவது, இடையில் சேர்ந்ததைப் பிரிப்பது ஆகிய யாவும் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் அக்காலப் பதிப்பாசிரியர்களும் ஏடுகளின்மேல் செய்தவற்றுக்கு இனமானவை. இவ்வகைப் பணிக்கு இரு மொழியும் அறிந்தோர் தேவை. தமிழ்நாட்டுக்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளில் அத்தகையோர் உள்ளனர். ஆனால் அவர்களது பாடத்திட்டத்தில் இதழியல் இன்றும் தலையங்க வகைகளோடும் பத்தி அளவுகளோடும் நின்றுவிடுகிறது.

அச்சிதழைக் காத்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு. நூல்களை நூலகங்களுக்கு வழங்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் 1956இல் செய்தித்தாள்களுக்கும் விரிக்கப்பட்டது. கொல்கத்தா தேசிய நூலகத்திலும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலும் தமிழ் நாளிதழ்களைத் தேடிச் செல்ல முடிவது அதனாலும்தான். இணையப் பக்கத்துக்கு அத்தகைய கடப்பாட்டை அச்சட்டம் விதிக்கவில்லை. இந்நிலையில் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இணைய முகவரியை மட்டும் தருவது சான்று காட்டுவதாகாது. பார்த்த நாளோடு நேரத்தையும் குறித்து, பார்த்த பக்கத்தின் படியையும் துறையில் வைத்தாலன்றி, நெறியாளரும் தேர்வாளரும் வேறொரு பாடத்தையே வாசிக்க நேரும்.

இவ்வாறு படியெடுத்து வைப்பதும் போதாது என்பதற்குத் தமிழின் முதல் இணைய இதழ்களே சான்று. 1999இல் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகளை அறிவித்தது. ‘டிஸ்கி’ முறையும் வழக்கில் இருந்தது. இவற்றைப் பொருட்படுத்தாது நாளிதழ்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கையாண்டன. 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன்பே இதழ்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறத் தொடங்கியிருந்தன. பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் அவை உடன்கொண்டு செல்லவில்லை. 1996 முதல் இணையப் பக்கங்களைத் திரட்டிவரும் அமெரிக்காவின் ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ அவற்றுள் சிலவற்றைக் காத்துள்ளது. அதுவும் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் முடங்கியது. அங்குள்ள அக்காலத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாதவிடத்து உரோமன் எழுத்துகளும் குறிகளும் விரவிய சிதைவே தோன்றுகிறது. ஏடு செல்லரித்ததன்று, எழுத்தை அறிவிக்கும் திறவுகோல் தொலைந்தது. எழுத்துரு மாற்றிகள் சிலவற்றை ஆர்வலர்கள் ஆக்கியுள்ளனர். ஆனால் எந்த இதழ் எந்த ஆண்டில் எந்த எழுத்துருவைக் கையாண்டது என்னும் பட்டியல் இருந்தாலன்றி அவற்றை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. அப்பட்டியலைத் தரக்கூடியவர்கள், அக்காலத்தில் இதழகங்களில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்தவர்கள். அவர்களுள் பலர் இப்போது ஓய்வுபெறும் அகவையில் உள்ளனர்.