எண்ணப்படும் எழுத்தும் வாசிக்கப்படாத ஆய்வும்

விஞ்ஞான ஆய்வில் நிகழும் மோசடியைத் தனிமனித ஒழுக்கக்கேடாக நோக்குவது நெடுங்கால வழக்கு. அண்மைய ஆண்டுகளில் வெளிப்பட்டுள்ள நிலைமையை விளக்க அந்நோக்குப் போதாது. கட்டுரைகளை மொத்தமாக ஆக்கி, ஆசிரியர் பெயருக்குரிய இடத்தை விலைக்கு விற்கும் ஒழுங்கமைந்த வாணிபம் ஒன்று உருவாகியுள்ளது. 'கட்டுரை ஆலை' என அது அழைக்கப்படுவது பொருத்தமானதே.

இவ்வாலைகளைக் காட்டிக்கொடுத்தவற்றுள் மொழியும் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 2021இல் கபனாக், லபே, மகசினோவ் என்னும் ஆய்வாளர் மூவர், ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளிற் காணப்பட்ட விசித்திரமான தொடர்களைத் தொகுத்துக் காட்டினர். 'செயற்கை நுண்ணறிவு' என்று வரவேண்டிய இடத்தில் 'போலி நனவு' எனப் பொருள்படும் தொடர் நின்றது. மருத்துவக் கட்டுரைகளில் 'மார்புப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சகத்து ஆபத்து' என்றானமையும் பின்னர் சுட்டப்பட்டது. பிறர் எழுத்தைக் களவாடி, களவு புலப்படாதிருக்கக் கணினியின் துணையுடன் சொல்லுக்குச் சொல் ஒத்த சொல்லை இட்டதன் விளைவே இது. கலைச்சொல் என்பது ஒரு துறையினர் தமக்குட் செய்துகொண்ட உடன்பாடு. அதனை அகராதி கொண்டு மாற்றுதல் இயலாது. கணினி இதனை அறியாமை வியப்பன்று. இத்தொடர்களைக் கண்டும் ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர்களும் பதிப்பாசிரியர்களும் அவற்றை வாசித்தனரா என்பதே வினா.

கெய்ரோவில் 1997இல் தோன்றிய ஹிந்தாவி நிறுவனத்தை 2021இல் வைலி என்னும் அமெரிக்கப் பதிப்பகம் 298 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பதிப்பாசிரியர்கள் பொறுப்பேற்ற சிறப்பிதழ்கள் வழியே போலிகள் புகுந்தமை தெரியவர, 2023இல் மட்டும் ஹிந்தாவிச் சஞ்சிகைகளில் வெளியான 8000க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. கட்டுரையாளர் செலுத்தும் கட்டணமே பதிப்பகத்தின் வருவாயாகும்போது, ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இலாபமாகிறது, நிராகரிப்பு நட்டமாகிறது.

வாங்குவோர் பக்கமும் நோக்கற்பாலது. சீனாவில் நோயாளரைப் பராமரிப்பதிலேயே பொழுது கழியும் வைத்தியர்களிடம் பதவி உயர்வுக்காக ஆய்வுக்கட்டுரை கோரப்பட்டமை ஆலைகளுக்குச் சந்தையை உண்டாக்கிற்று. 2020இல் அந்நாட்டரசு கட்டுரை வெளியீட்டுக்குப் பணப்பரிசு வழங்கும் வழக்கத்தைத் தடைசெய்தது. எண்ணிக்கை மோகமே நோயின் வேர் என்பதை அத்தடை ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம்.

மீளப்பெறுதலும் கணினிச் சோதனையும் வேண்டியனவே. எனினும், வழுவற்ற மொழியை நொடியில் ஆக்கவல்ல கருவிகள் பெருகிவிட்ட இன்று, விசித்திரத் தொடர் என்னும் தடயமும் அருகிவிடும். போலி ஆய்வை நம்பிச் சிகிச்சை வகுக்கப்படுமாயின் இழப்பு நோயாளருக்கே உரியது. நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணுவதை விடுத்து, அவற்றுட் சிலவற்றையேனும் முழுமையாக வாசித்துத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காதவரை, இவ்வாலைகளுக்கு வாடிக்கையாளர் குறையப்போவதில்லை.